அமெரிக்காவுக்கு மூன்றரை மணி நேரமா? விமான தூரமும் பயண நேரமும்

டிக்கெட்டில் டெல்லியில் புறப்படும் நேரம் அதிகாலை 4.00 என்று இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும் நேரம் காலை 7.30. இரண்டுக்கும் ஒரே தேதி. திருச்சியில் இருக்கும் என் பெரியப்பா இதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

"என்னடா இது, அமெரிக்காவுக்கு மூணரை மணி நேரத்துல போயிடுமா? தப்பா அச்சடிச்சிருக்கான். நீ கம்ப்யூட்டர்ல பார்த்து சரியா எவ்வளவு நேரம்னு சொல்லு."

இது நடந்தது 2023 மே மாதம். அக்காவுக்கு பிரசவ மாதம். பெரியம்மா முதல் தடவையாக விமானம் ஏறுகிறார், அதுவும் தனியாக. சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து நேராக சான் பிரான்சிஸ்கோ. பெரியப்பா அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கி, பிரவுசரைத் திறக்கும் அளவுக்குப் பழகியிருந்தார்.

நான் ஆபீஸ் வேலைக்கு நடுவே இரு நகரங்களுக்கும் உள்ள தூரத்தைத் தேடினேன். சுமார் 12,380 கி.மீ. என்று வந்தது. பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்பது தெரியும். வகுத்தால் பதிமூன்றே முக்கால். "பதினாலு மணி நேரத்துக்குள்ள போயிடும் பெரியப்பா. நம்ம நேரம் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு இறங்கிடுவாங்க" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இன்ஜினியரிங் படித்தவன் சொன்னது, அதுவும் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னது! அவர் அதை காலண்டரில் எழுதி வைத்துக் கொண்டார்.

ஐந்தே முக்கால் ஆயிற்று. ஆறு, ஆறரை ஆயிற்று. போன் வரவில்லை. ஏழு மணிக்கு அவரால் பொறுக்க முடியாமல் அக்காவையே அழைத்துவிட்டார். அங்கே காலை ஆறரை. நிறைமாத கர்ப்பிணிக்கு, அம்மா விமானத்தில் இருக்கும்போது, அந்த நேரத்தில் இந்தியாவிலிருந்து போன் வந்தால் எப்படி இருக்கும்? பதறிப் போய் எடுத்திருக்கிறார். "ஏழரைக்குத்தானேப்பா இறங்குது, டிக்கெட்லயே போட்டிருக்கே!" என்று அக்கா சொல்ல, "எந்த ஏழரை? இங்க உள்ள ஏழரையா, அங்க உள்ள ஏழரையா?" என்று இவர் கேட்க, ஒரு வழியாகக் குழப்பம் தீர்ந்தது. விமானம் சரியான நேரத்தில்தான் இறங்கியது. டிக்கெட்டில் இருந்ததும் சரியான நேரம்தான். தப்பு என் வகுத்தலில்.

இதே கேள்வி பல வீடுகளில் வருகிறது. எனவே கம்ப்யூட்டர் இந்தத் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறது, அதிலிருந்து ஏன் பயண நேரம் கிடைப்பதில்லை, சரியான நேரத்தை நீங்களே எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று இங்கே பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு இதே டெல்லி - சான் பிரான்சிஸ்கோ வழியையே எடுத்துக் கொள்கிறேன். இந்தக் கணக்கின் எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரு வழியில் இருக்கின்றன.

தூரம் எப்படி வருகிறது?

இரு நகரங்களின் பெயரைக் கொடுத்ததும் தூரத்தைக் காட்டும் தளங்கள், விமானம் எந்த வழியில் பறந்தது என்று பார்ப்பதில்லை. அவற்றிடம் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அட்சரேகை, மற்றொன்று தீர்க்கரேகை. டெல்லி விமான நிலையம் வடக்கு 28.57 டிகிரி, கிழக்கு 77.10 டிகிரி. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் வடக்கு 37.62 டிகிரி, மேற்கு 122.38 டிகிரி. இந்த நான்கு எண்களையும் ஒரு திரிகோணமிதி சூத்திரத்தில் போட்டு, பூமியை 6,371 கி.மீ. ஆரம் கொண்ட உருண்டையாக வைத்துக் கொண்டால் விடை 12,380 கி.மீ. என்று வருகிறது.

இதற்குப் பயன்படும் சூத்திரங்களில் ஒன்றின் பெயர் ஹாவர்சைன். கப்பல் மாலுமிகளுக்காக ஏற்பட்ட கணக்கு இது. இந்தப் பெயரை ஜேம்ஸ் இன்மன் என்ற ஆங்கிலேயர் 1835-ல் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். அன்று அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிப் போட்ட கணக்கை இன்று கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் போட்டுவிடுகிறது.

ஒரு தளத்தில் ஒரு தூரமும் இன்னொரு தளத்தில் வேறு தூரமும் வந்தால் குழம்ப வேண்டாம். முதலில் அலகைக் கவனியுங்கள். 12,380 கி.மீ. என்பதுதான் 7,693 மைல்; அதேதான் 6,685 கடல் மைல். விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள். அலகு ஒன்றாக இருந்தும் பத்து, இருபது கி.மீ. வித்தியாசம் வந்தால் அதற்கும் காரணம் உண்டு. பூமி சரியான உருண்டை இல்லை. நடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இந்தத் தட்டையையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளும் தளங்களில் விடை சற்று மாறும்.

நீங்களே அளந்து பார்க்க கூகுள் மேப்ஸ் போதும். டெல்லி விமான நிலையத்தைத் தேடி, அதன் மீது மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு படத்தைச் சிறிதாக்கி, சான் பிரான்சிஸ்கோவில் கிளிக் செய்திடுங்கள். ஒரு கோடும் அதன் தூரமும் தோன்றும்.

விமான நிலையத்தின் பெயருக்குப் பதில் எண்களையே தேடும் கட்டத்தில் டைப் செய்தும் போகலாம். இதில் புதியவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. மேற்குத் தீர்க்கரேகைக்கு முன்னால் மைனஸ் குறி போட வேண்டும். 37.62, -122.38 என்று கொடுத்தால் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் கிடைக்கும். மைனஸை விட்டுவிட்டு 37.62, 122.38 என்று கொடுத்தால் சீனாவின் வெய்ஹாய் நகரத்தை ஒட்டிய கடலில் போய் நிற்பீர்கள்! டெல்லியிலிருந்து தூரமும் 4,290 கி.மீ. என்று சுருங்கிவிடும். விடை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்தால் முதலில் இந்தக் குறியைப் பாருங்கள்.

கோடு ஏன் வளைகிறது?

அளந்து பார்த்தவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வந்திருக்கும். திரையில் கோடு நேராக வரவில்லை. டெல்லியிலிருந்து வடக்கே ஏறி, மேலே எங்கோ போய், பிறகு அமெரிக்காவுக்கு இறங்குகிறது. இதுவா குறுக்கு வழி?

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் குளோப் இருந்தால் எடுத்து வாருங்கள். ஒரு நூலை டெல்லியில் பிடித்து மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்து விறைப்பாக்குங்கள். நூல் தானாகவே வடக்கே நழுவிப் போகும். இமயமலை, திபெத், சீனாவின் ஷின்ஜியாங், சைபீரியா என்று ஏறி, ரஷ்யாவின் வடக்கே ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். அதன் மிக வடக்கான இடம் ஏறத்தாழ 75.6 டிகிரி அட்சரேகை. உருண்டையின் மீது இதுதான் நேர்க்கோடு.

தட்டையான படத்தில் அது வளைவாகத் தெரிவதற்குக் காரணம், படம் வரையும் முறை. கூகுள் மேப்ஸின் தட்டைப் படம் மெர்கேட்டர் என்பவர் 1569-ல் வகுத்த முறையை ஒட்டியது. துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் பெரிதாக இழுக்கப்பட்டுவிடும். ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து, அந்தப் படத்தில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். குளோப் இல்லாதவர்கள் கூகுள் எர்த்தில் இதே அளவை எடுத்துப் பார்க்கலாம். அங்கே உலகம் உருண்டையாகவே சுழலும்.

அப்படியானால் விமானம் இந்தக் கோட்டின் மீதுதான் பறக்கிறதா?

இல்லை. இங்கேதான் நான் கோட்டை விட்டேன். திபெத் பீடபூமியின் மேல் நெடுநேரம் பறப்பதை விமானங்கள் பெரும்பாலும் தவிர்க்கின்றன. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பயணிகள் தாமாகவே மூச்சு விடக்கூடிய 10,000 அடி உயரத்துக்கு உடனே இறங்க வேண்டும். அதாவது சுமார் 3 கி.மீ. திபெத்தில் தரையே அதைவிட உயரம்! எங்கே இறங்குவது? அடுத்து, கோளாறு ஏற்பட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டக்கூடிய ஒரு விமான நிலையம் வழியெங்கும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆர்க்டிக் பக்கம் அப்படிப்பட்ட விமான நிலையங்கள் மிகக் குறைவு. இவற்றோடு எந்த நாடு தன் வான்வெளியில் யாரை விடுகிறது என்ற அரசியலும் சேர்ந்து கொள்கிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் பல விமானங்களின் பயண நேரம் கூடியது. நகரங்கள் அங்கேயேதான் இருந்தன. தூரம் காட்டும் தளங்களில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

பெரியம்மா போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே இதற்கு ஓர் உதாரணம் செய்தியில் வந்தது. 2023 ஜூன் 6-ம் தேதி, டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியாவின் போயிங் 777 விமானத்தில் ஒரு இன்ஜினில் கோளாறு ஏற்பட்டு, 216 பயணிகளுடன் ரஷ்யாவின் தூரகிழக்கில் உள்ள மகதான் என்ற ஊரில் இறக்கப்பட்டது. மாற்று விமானம் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு ஜூன் 8-ல் சான் பிரான்சிஸ்கோவில் சேர்த்தது. டிவியில் பார்த்ததும் பெரியப்பா போன் செய்தார். "அமெரிக்கா போற விமானம் ரஷ்யாவுக்கு ஏன்டா போச்சு?" நூலைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். மகதானோ அந்த நூலுக்கும் தெற்கே ஏறத்தாழ 1,700 கி.மீ. தள்ளி இருக்கிறது. விமானங்கள் குறுக்குக் கோட்டை விட்டு எவ்வளவு விலகிப் பறக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தூரம் கூடினால் நேரம் குறையுமா?

கேட்க விசித்திரமாக இருந்தாலும், இதே வழியில் நடந்திருக்கிறது. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானத்தைத் தொடங்கியபோது அது மேற்கே ஐரோப்பாவின் மேல் போய், அட்லாண்டிக் கடலைக் கடந்து சென்றது. 2016 அக்டோபரில் வழியைத் திருப்பி, கிழக்கே சென்று பசிபிக் கடலைக் கடக்கச் செய்தார்கள். புதிய வழி ஏறத்தாழ 15,300 கி.மீ. பழையதைவிட 1,400 கி.மீ. அதிகம். ஆனால் அக்டோபரில் பறந்த அந்த முதல் விமானம் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்!

15,300-ஐ 14.5-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. போயிங் 777 அவ்வளவு வேகமாகப் பறக்காது. மீதி வேகம் காற்று கொடுத்தது. தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போலக் காற்று ஓடுகிறது. இதற்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். மணிக்கு 150 கி.மீ., சில இடங்களில் 300 கி.மீ. வேகம்கூட இதற்கு உண்டு. ஜப்பானை ஒட்டிய பசிபிக் பகுதியில் இது மிக பலமாக வீசும். ஆற்றோடு போகும் பரிசலுக்கும் எதிர்த்துப் போகும் பரிசலுக்கும் உள்ள வித்தியாசம்தான். துடுப்புப் போடுபவர் ஒரே ஆள்தான். கரையைச் சேரும் நேரம் வேறு.

நான் 900 என்று எடுத்துக் கொண்ட வேகம், காற்றைப் பொறுத்த வேகம். பயண நேரத்துக்குத் தேவை தரையைப் பொறுத்த வேகம். அது நாளுக்கு நாள், மாதத்துக்கு மாதம் மாறும். குளிர்காலத்தில் இந்தக் காற்று வலுக்கும், கோடையில் தளரும். பெரியம்மா போனது மே மாதம். போதாததற்கு டிக்கெட்டில் தரும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறு ஊரில் போய் நின்றது வரையிலான நேரம். ஓடுபாதைக்குப் போக, வரிசையில் நிற்க, மேலே ஏற, கீழே இறங்க எல்லாம் அதில் அடக்கம். எல்லாம் சேர்ந்து 16 மணி நேரம். என் பதிமூன்றே முக்காலுக்கு இரண்டே கால் மணி நேரம் மேலே.

எனவே தூரத்தை வகுத்து நேரம் பார்க்கும் வழியை விட்டுவிடுங்கள். விமானக் கம்பெனி இதே வழியில் முன்பு பறந்ததையும் அந்தப் பருவத்துக் காற்றையும் பார்த்துத்தான் நேரம் போடுகிறது. அது டிக்கெட்டிலேயே இருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

டிக்கெட்டிலிருந்து நேரத்தை எடுப்பது

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. பெரியப்பாவை மூன்றரை மணி நேரம் என்று நினைக்க வைத்தது இதுதான். நடுவில் உள்ள நேர வித்தியாசத்தைச் சேர்த்தால் கணக்கு முடிந்தது.

சான் பிரான்சிஸ்கோ கோடையில் நமக்கு 12.30 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13.30 மணி நேரம். அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி திருப்பி வைக்கிறார்கள். 2007 முதல் இந்தத் தேதிகள்தான். நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை என்பதால் நமக்கு இது மறந்து போகும்.

இதை எக்ஸெல்லில் போட்டு வைத்துக் கொண்டால் எந்த ஊருக்கும் பயன்படும். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். இரண்டும் இலவசம்.

ஏ1 செல்லில் புறப்படும் தேதியையும் நேரத்தையும் ஓர் இடைவெளி விட்டு டைப் செய்திடுங்கள். பி1 செல்லில் இறங்கும் தேதியும் நேரமும். நாம் பழக்கத்தில் 4.00 என்று புள்ளி வைத்து எழுதுவோம். எக்ஸெல்லுக்கு 4:00 என்று இரட்டைப் புள்ளி வேண்டும். புள்ளி வைத்தால் அது நேரம் என்றே அதற்குப் புரியாது. தேதியில் மாதத்தை எண்ணாகத் தருவதைவிட ஆங்கிலத்தில் மூன்று எழுத்துப் பெயராகத் தருவது நல்லது. இல்லாவிட்டால் சில கம்ப்யூட்டர்கள் 5/6 என்பதை ஜூன் 5 என்றும், சில மே 6 என்றும் எடுத்துக் கொள்ளும்.

பிறகு சி1 செல்லில் ஈக்வல் குறி போட்டு, பி1 - ஏ1 + 12.5/24 என்று கொடுத்து எண்டர் தட்டுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தர வேண்டும்.) 24-ஆல் ஏன் வகுக்க வேண்டும்? எக்ஸெல் ஒரு முழு நாளை 1 என்று வைத்துக் கொள்கிறது. எனவே ஒரு மணி நேரம் என்பது அதற்கு இருபத்து நான்கில் ஒன்று. வகுக்காமல் 12.5 என்று மட்டும் கொடுத்தால் பன்னிரண்டரை நாட்களைச் சேர்த்துவிடும்!

முதலில் விடை 0.67 என்றோ, 1900-ம் ஆண்டுத் தேதி ஒன்றாகவோ தெரியலாம். பயப்பட வேண்டாம். விடை சரிதான், காட்டும் விதம்தான் தவறு. சி1 செல் மீது வலது கிளிக் செய்து 'ஃபார்மட் செல்ஸ்' தேர்ந்தெடுத்து, 'நம்பர்' டேபில் 'டைம்' என்பதைக் கிளிக் செய்து ஓகே கொடுங்கள். பெரியம்மா டிக்கெட்டுக்கு 16:00 என்று காட்டும். செல் முழுவதும் # குறிகளாக நிரம்பினால் முதலில் செல்லின் அகலத்தைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் விடை மைனஸில் வந்திருக்கிறது என்று பொருள். தேதியைச் சரி பாருங்கள்.

திரும்பி வரும்போது 12.5/24-ஐக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழிக்க வேண்டும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் 'டேட் அண்ட் டைம்' திறந்தால் 'அடிஷனல் கிளாக்ஸ்' என்று ஒரு டேப் இருக்கும். அதில் மேலும் இரண்டு ஊர்களின் கடிகாரங்களை வைத்துக் கொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோவுக்கு 'பசிபிக் டைம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயர் கட்டத்தில் அக்கா, மகள் என்று எதை வேண்டுமானாலும் தரலாம். பிறகு கீழே உள்ள கடிகாரத்தின் அருகே கர்சரைக் கொண்டு சென்றால் அந்த ஊர் நேரமும் தெரியும். மார்ச், நவம்பர் மாற்றங்களை விண்டோஸ் தானே பார்த்துக் கொள்ளும். போன் செய்யும் முன் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால், யாரையும் தூக்கத்தில் எழுப்ப வேண்டி வராது.

விமானம் எங்கே இருக்கிறது?

ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால் விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று படத்தில் பார்க்கலாம். அந்த எண் முந்தைய நாட்களில் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்றும் காட்டும். பயணத்துக்கு முன் இதைப் பார்ப்பது, நான் செய்தது போல வகுத்துப் பார்ப்பதைவிட நூறு மடங்கு மேல்.

ஆனால் கவலையோடு உட்கார்ந்து பார்ப்பவர்களை இந்தத் தளங்கள் கலவரப்படுத்தவும் கூடும். விமானம் தன் இருப்பிடத்தை ரேடியோவில் அறிவித்துக் கொண்டே பறக்கிறது. தரையில் ஆர்வலர்களும் மற்றவர்களும் வைத்திருக்கும் சிறிய ரிசீவர்கள் அதைப் பிடித்து இன்டர்நெட் வழியாக அனுப்புகின்றன. ஒரு ரிசீவருக்கு எட்டுவது சில நூறு கி.மீ. மட்டுமே. நடுக்கடலில் ரிசீவர் வைக்க ஆள் ஏது? எனவே பசிபிக் மேல் போகும்போது விமானத்தின் படம் நின்றுவிடலாம், கணிப்பாக ஒரு கோட்டில் நகரலாம், அல்லது திரையை விட்டே மறையலாம். விமானத்துக்கு எதுவும் ஆகவில்லை. கேட்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை. மறு கரையை நெருங்கியதும் தானாகத் தோன்றும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. இந்தத் தளங்கள் சில சமயம் நேரத்தை யூடிசி என்ற பொது நேரத்தில் காட்டும். நம் நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக் கொள்ளுங்கள். அடுத்து, ஒரே விமானத்துக்கு இரண்டு கம்பெனிகள் தனித்தனி எண் கொடுத்து டிக்கெட் விற்பதுண்டு. உங்கள் எண்ணைத் தேடி ஒன்றும் வராவிட்டால், விமானத்தை இயக்குபவர் யார் என்று டிக்கெட்டில் சிறிய எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். அந்தக் கம்பெனியின் எண்ணைக் கொடுத்தால் வரும்.

பெரியம்மா ஆறு மாதம் பேத்தியோடு இருந்துவிட்டு நவம்பர் 7-ம் தேதி கிளம்பினார். சான் பிரான்சிஸ்கோவில் காலை 10.30-க்குப் புறப்பாடு, டெல்லியில் மறுநாள் மாலை 4.00-க்கு வருகை. இந்தத் தடவை கவனமாக இருக்க வேண்டும் என்று நான் அதே எக்ஸெல் பைலைத் திறந்து, கூட்டலைக் கழித்தலாக மாற்றி, 17 மணி நேரம் என்று பெரியப்பாவுக்குச் சொன்னேன்.

"எனக்கு 16தான் வருது" என்றார்.

"கழிச்சீங்களா பெரியப்பா?"

"கழிச்சேன். நீ பன்னிரண்டரையையே போட்டிருப்பே. அஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழமையே அங்க கடிகாரத்தை மாத்திட்டாங்கடா. இப்ப பதிமூன்றரை."